ராஸ்வெல் பழைய மில் அணை: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

அட்லாண்டா நண்பர்களுக்கு வணக்கம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பா பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்மாயும் மதகுமே அவர் வாழ்க்கை. ராஸ்வெல் ஓல்ட் மில் பார்க்கில், விக்கரி ஓடையின் குறுக்கே இருக்கும் கல் அணையின் போட்டோவைக் காட்டினேன். முழு நீளத்துக்கும் தண்ணீர் வெள்ளைத் திரை மாதிரி வழிவதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்மூர் கலிங்குதான்டா இது!" என்றார். பஞ்சாலையை ஓட்டத் தண்ணீர் தேக்கிய அணை என்றதும் ஆர்வம் இன்னும் கூடிவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 ஜூலையில், வடக்கு மாநிலங்களின் படை மில்லை எரித்து, நூற்றுக்கணக்கான பெண் தொழிலாளர்களைப் பிள்ளைகளோடு ரயிலேற்றி அனுப்பிய கதையைக் கேட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்போது அவருக்கும் அந்த இடத்தைப் பார்க்கவேண்டும்.

சிக்கல் அம்மாவின் முழங்கால். பத்துப் படி இறங்கினாலே வலி. மில் ஸ்ட்ரீட் பக்கமிருந்து அதிகம் படி இறங்காமல் அணை தெரியும் இடம் இருக்கிறதா? ஓடைமேல் கூரை போட்டிருக்கும் மூடுபாலம் வரை மெதுவாக நடக்க முடியுமா, வழியில் உட்கார பெஞ்ச் உண்டா? மழை பெய்த மறுநாள் பாதை வழுக்குமா?

வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி. வரும் சனிக்கிழமை காலை போக நினைக்கிறோம்.