உதவி தேவை: அம்மாவின் தோள்மூட்டு நோவுக்கு ஊசி போடலாமா?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு 56 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. சில மாதமாக இடது தோள்மூட்டில் நோவு. விழவும் இல்லை, பாரம் தூக்கவும் இல்லை. இப்போது தலை இழுக்கக்கூடக் கை ஏறுவதில்லை. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் நித்திரை போய்விடும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. டொக்டர் மூட்டுக்குள் ஊசி போடலாம் என்கிறார். பெரியம்மா எண்ணெய் போட்டு உருவினால் போதும் என்கிறா. எதைக் கேட்பது?

தெஹிவளை பிசியோ:
தங்கச்சி, முதலில் ஒன்று பாருங்கோ. அம்மாவின் முழங்கையை மடித்து, இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கோ. மற்றக் கையிலும் அப்படியே. நீங்கள் திருப்பியும் கை போகவில்லை என்றால், அநேகமாக ஃபுரோசன் ஷோல்டர்தான். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிவிடுகிறது. அவ தூக்கினால் ஏறாத கை, நீங்கள் தூக்கினால் மட்டும் ஏறுகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். அதற்கு ஸ்கேன் வேண்டும், வைத்தியமும் வேறு.

வெள்ளவத்தை மகள்:
திருப்பிப் பார்த்தேன் அக்கா. வலது கை போகும் தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. ஊசி போட்டால் சீனி ஏறுமாமே?

தெஹிவளை பிசியோ:
ஏறும், அது ஸ்டீரொயிட். சில நாளில் இறங்கிவிடும். சீனிக்கு மருந்து தரும் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த நாட்களில் வீட்டில் அடிக்கடி குத்திப் பாருங்கோ. சீனி தாறுமாறாக இருந்தால் அதைக் கட்டுப்படுத்திவிட்டுப் போடுவது நல்லது. அதற்காக மாதக்கணக்கில் தள்ளவும் வேண்டாம்: நோவு கடுமையாக உள்ள ஆரம்ப காலத்தில்தான் ஊசிக்குப் பலன் அதிகம். இறுகி முடிந்த கைக்கு அவ்வளவு உதவாது.

ஊசியோடு வேலை முடியாது. நோவு தணிந்ததும் பயிற்சி. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போடுவது, சுவரில் விரலால் ஏறுவது, அவ்வளவுதான் தொடக்கத்துக்கு. பயிற்சி செய்த நோவு இரவு வரை நின்றால் கூடிவிட்டது, குறையுங்கோ. எண்ணெய் இதமாகப் பூசலாம். பிடித்து இழுத்து உருவ விடாதீர்கள். முழுதாகச் சரியாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட எடுக்கும். மயக்கம் கொடுத்துக் கையை விடுவிப்பது, சத்திரசிகிச்சை எல்லாம் இதற்கும் அசையாவிட்டால்தான்.

மருதானை அண்ணா:
அரச ஆஸ்பத்திரியில் பிசியோவுக்குக் காசில்லை பிள்ளை, கிளினிக்கில் கடிதம் கேளுங்கோ. இன்னொன்று, இடது பக்கம், சீனியும் இருக்கு. திடீரென்று நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் தோள் நோ என்று நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

வெள்ளவத்தை மகள்:
சரி அண்ணா. அக்கா, அம்மா பகல் முழுக்கக் கையைத் துணியால் கழுத்தில் கட்டி வைத்திருக்கிறா. பரவாயில்லையா?

தெஹிவளை பிசியோ:
இன்றைக்கே கழற்றுங்கோ. அப்படியே வைத்திருந்தால் இன்னும் இறுகும்.