டயட் கோலாவுக்கு மாறியும் எடை இறங்கலையா? நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

உணவியல் ஆலோசகர், திருச்சி
ரொம்ப நாளா டயட் கோலாதான், ஆனா ஒரு கிலோகூட இறங்கலைன்னு ஒருத்தர் வந்தார். அவர் எழுதி வந்த சாப்பாட்டுக் குறிப்புல சாயங்காலம் டின்னும் மிக்சரும் ஜோடி. சாதா கோலா 330 மி.லி.யில 35 கிராம் சர்க்கரை, சுமார் 140 கலோரி. டயட்டுல அது கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா மிக்சர் 25 கிராம் அள்ளினாலே அந்த 140 உள்ளே போயிடுது. அவர் சாப்பிடுறது கிண்ணம் நிறைய. அதைவிட முக்கியம், அவர் முன்னாடி சாதா கோலா குடிச்சவரே இல்ல. தண்ணி குடிச்ச இடத்துல டயட் கோலா வந்திருக்கு. அப்புறம் எதுல குறையும்?

மருந்துக்கடை, மதுரை
கோலாவை விடுங்க, நம்ம ஊர்ல கணக்கு டீயில இருக்கு. டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 40 கலோரி, நாலு டீ 160. சர்க்கரைக்குப் பதிலா டீயில போடுற மாத்திரை. "இது இனிக்கவே இல்ல, பழைய சரக்கு"ன்னு ஒரு அம்மா டப்பாவைக் கவுண்டர்ல வச்சாங்க. திருப்பிப் பார்த்தா அஸ்பார்டேம்ங்கிற செயற்கை இனிப்பு. டீத்தூளோட போட்டுக் கொதிக்க விட்டிருக்காங்க. சூட்டுல அது உடைஞ்சு இனிப்பு போயிடும். டம்ளர்ல ஊத்தின பிறகு போடணும். கொதிக்கும்போதே போடணும்னா சூட்டைத் தாங்குற சுக்ரலோஸ் இனிப்பு வாங்குங்க.
இன்னொண்ணு, 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'ங்கிற ஜூஸ் டயட் பானம் இல்ல. பழத்தோட சர்க்கரையே 100 மி.லி.க்கு 10 கிராம் அளவுக்கு இருக்கும், கோலாவுக்குச் சமம். பின்பக்கம் 'மொத்த சர்க்கரை' வரியைப் படிங்க.

சத்துணவியல் ஆசிரியை, சென்னை
திருச்சிக்காரர் சொல்றதுல பாதிதான் சரி. சர்க்கரை பானம் தினமும் குடிக்கிறவங்க மாறினா பலன் இருக்கு. 2012ல வெளியான நெதர்லாந்து ஆய்வுல 641 பிள்ளைங்களுக்கு 18 மாசம், தினம் 250 மி.லி. பானம். சர்க்கரை குடிச்ச பக்கம் 7.37 கிலோ கூடுச்சு, செயற்கை இனிப்புப் பக்கம் 6.35. வளர்ற வயசுல அந்த ஒரு கிலோ பெரிசு.
உடனே 2023 உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையைக் காட்டுவீங்க. எடைக் கட்டுப்பாட்டுக்குச் செயற்கை இனிப்பை நம்பாதீங்கன்னு சொன்னது உண்மை. அதுக்கு ஆதாரமான நீண்டகாலக் கவனிப்பு ஆய்வுகள்ல (எதையும் மாத்தாம, அவங்கவங்க குடிக்கிறதைக் கவனிச்சுப் பார்க்கிறது) ஒரு சிக்கல்: எடை ஏறினவங்கதான் டயட்டுக்கு மாறுறாங்க, அதனால காரணமும் விளைவும் இடம் மாறித் தெரியலாம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

செவிலியர், கோவை
சர்க்கரை நோய்னு வந்ததால இதையும் சொல்லிடுறேன். இன்சுலின் போடுறவர், வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. வீட்டுக்காரங்க பதறி ஒரு முழு டின் கோலா கொடுத்திருக்காங்க. ரத்தச் சர்க்கரையை அளந்தா 58. டின்னைப் பார்த்தா சர்க்கரையே இல்லாத ஜீரோ கோலா! எடைக்காக வாங்கி வச்சது, ஃப்ரிட்ஜ்ல வேற எதுவும் இல்ல. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனா சாதா கோலா 150 மி.லி. அல்லது தண்ணியில மூணு டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிஷம் கழிச்சு அளந்து, ஏறலைன்னா மறுபடி அதே அளவு. நினைவு தப்பியிருந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.