முகப்பருத் தழும்புச் சிகிச்சை: தழும்பின் வகையறிந்து தெரிவு செய்தவர்களின் அனுபவங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

முகப்பருத் தழும்புக்கு எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். உங்கள் முகத்தில் இருப்பது எந்த வகைத் தழும்பு என்பதைச் சரும நோய் வைத்திய நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை, எந்த இயந்திரத்துக்கும் எந்தப் பக்கேஜுக்கும் பணம் கட்டாதீர்கள்.

என் தங்கைக்காக நாங்கள் விசாரித்த ஓர் அழகு நிலையத்தில், அவளுடைய முகத்தைத் தொட்டுக்கூடப் பாராமல் லேசர் சிகிச்சைக்கான விலையைச் சொன்னார்கள். பின்னர் நாங்கள் சந்தித்த நிபுணர் அறையின் மின்விளக்கை அணைத்துவிட்டு, சிறிய டோர்ச் ஒன்றைக் காதோரத்திலிருந்து சாய்வாகப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாத பள்ளங்கள்கூட நிழல் விழுந்து துலங்கின. அதன்பின் இரண்டு விரல்களால் கன்னத்தை இழுத்துப் பிடித்தபோது, அகன்ற பள்ளங்கள் மறைந்துவிட, ஊசித் துளை அளவான குழிகள் மட்டும் அப்படியே நின்றன. “இழுத்தா மறையிறதுக்கு ஒரு வைத்தியம், மறையாததுக்கு வேற வைத்தியம், தங்கச்சி” என்று அவர் சொன்னதிலிருந்துதான் எங்களுக்கு இந்த விடயம் பிடிபட்டது.

அலை அலையாகத் தெரியும் அகன்ற பள்ளங்களில், படங்குத் துணியைக் கீழிருந்து கயிற்றால் இழுத்துக் கட்டியதுபோல, தோலுக்கு அடியிலுள்ள நார்கள் மேற்தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஆகவே மேலே பூசும் எந்தக் கிறீமும் அந்த நார்களைத் தளர்த்தப் போவதில்லை. விறைப்பூசி போட்டபின், தோலுக்கடியில் ஓர் ஊசியைச் செலுத்தி அந்த நார்களை அறுத்துவிடும் ‘சப்சிஷன்’ என்ற முறையையே என் தங்கைக்குச் செய்தார்கள். முகம் வீங்கிக் கன்றிப்போய், அந்த நிறம் வடிய ஏறத்தாழ இரண்டு கிழமைகள் சென்றன என்பதால், வீட்டில் திருமணமோ கோயில் திருவிழாவோ நெருங்கும் காலத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்று சொல்வேன்.

அதற்குப் பிறகு நுண்ணூசிச் சிகிச்சை தொடங்கியது. மிக நுண்ணிய ஊசிகளால் தோலில் குத்தி, காயம் ஆறும் போக்கில், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகும்படி தூண்டுவதே அதன் அடிப்படை. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் விடுகிறார்கள். கொலாஜன் மெதுவாகவே உருவாகுவதால், பலனை மதிப்பிட இறுதித் தடவைக்குப் பின்னரும் மூன்று முதல் ஆறு மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். லேசர் பலனற்றது என்று நான் சொல்லவில்லை. தோல் முழுவதையும் சுடாமல் இடைவெளி விட்டுச் சிறு சிறு புள்ளிகளாகச் செயற்படும் கார்பன் டையொக்சைட் லேசர் நல்ல மாற்றத்தைத் தரக்கூடியதே. ஆனால் எங்களைப் போன்ற பழுப்பு நிறச் சருமத்தில் அதன் வெப்பம் கரும்படலங்களை உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை அந்த அழகு நிலையத்தில் எவரும் சொல்லாதது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய பருக்கள் வந்துகொண்டிருக்கும் முகத்தில் தழும்புச் சிகிச்சை செய்வது வீண்செலவு. என் தங்கைக்கு முதலில் அடப்பலீன் ஜெல்லும் பென்சாயில் பெரொக்சைட்டும் கொடுத்துப் பருக்களை அடக்கிய பின்னரே ஊசியைக் கையில் எடுத்தார்கள். கடுமையான பருவுக்குக் கொடுக்கப்படும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையை உட்கொள்ளும் காலத்தில் கருத்தரித்தால் சிசுவுக்குப் பாரிய குறைபாடுகள் ஏற்படக்கூடும் என்பதால், அதை வைத்திய ஆலோசனையின்றிப் பிறரிடம் வாங்கி உட்கொள்ளவே கூடாது.

நிந்தவூரிலிருந்து:

மேலே எழுதிய சகோதரியின் தங்கைக்கு இருந்தவை அகன்ற பள்ளங்கள். எனக்கு இருந்தவை, அவர் குறிப்பிட்ட மறையாத ஊசிக் குழிகள். இவ்வகைக் குழிகள் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த வாயுடன் ஆழமாக இறங்குவதால், நுண்ணூசியோ மேலோட்டமான லேசரோ அவற்றின் அடிவரை சென்று சேர்வது கடினம்.

எனக்குச் செய்தது, செறிவுமிக்க டிரைகுளோரோஅசெற்றிக் அமிலத்தைக் கூரிய குச்சி நுனியில் தொட்டு ஒவ்வொரு குழிக்குள்ளும் தனித்தனியாக வைக்கும் முறையாகும். அமிலம் பட்ட சில நொடிகளிலேயே குழி வெண்ணிறமாக மாறியது. சில நிமிடங்கள் நன்றாக எரிந்தது. பின்னர் ஒவ்வொரு புள்ளியிலும் சிறிய பொருக்கு உண்டாகி, ஒரு வாரமளவில் தானாகவே உதிர்ந்தது. பொருக்கைக் கிள்ளி எடுத்தால் குழி பெரிதாகக்கூடும் என்று எச்சரித்திருந்தார்கள். இதை ஒரே தடவையில் முடித்துவிட முடியாது. குழியின் அடிப்பகுதி சிறிது சிறிதாகவே மேலெழும். இந்த அமிலம் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கிறது என்பதற்காக எவரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். கை சற்றுத் தவறி நல்ல தோலில் பட்டாலும் புதிய வடு உண்டாகும்.

நான் வாப்பாவுடன் வயலில் நிற்பவன் என்று அறிந்ததும் வைத்தியர் சிகிச்சையை அறுவடை முடியும்வரை தள்ளிப்போட்டார். காயம் ஆறும் தோலில் நமது கிழக்கு மாகாண வெயில் நேரே பட்டால், குழி நிரம்பினாலும் கரும்புள்ளி தங்கிவிடும் என்பதே காரணம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீனும் அகன்ற தொப்பியும் கட்டாயமாயின. இரும்பு ஒக்சைட்டு கலந்த, தோல் நிறமுடைய சன்ஸ்கிறீன் கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால் கருமைக்கு அதுவே கூடுதலாக உதவுகிறது.

உம்மா வழக்கம்போல் “தேசிக்காய்ச் சாறு பூசு மனே” என்றார். வெயிலில் போகும் முகத்தில் தேசிக்காய்ச் சாறு பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும் என்று எடுத்துச் சொன்ன பின் ஒப்புக்கொண்டார். பரு ஆறிய இடத்தில் குழியின்றி வெறும் கருமை மட்டும் இருந்தால் அது தழும்பே அன்று. வெயிலைத் தவிர்த்தால் மாதக்கணக்கில் தானாகவே மங்கும். அசெலயிக் அமிலக் கிறீம் அதை விரைவுபடுத்தும். அந்தக் கருமைக்காகச் சுட்டுத்துண்டு இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களை வாங்கிப் பூசுவோரைக் கண்டால் எனக்கு மிகுந்த கவலை உண்டாகிறது. அத்தகைய கிறீம்கள் சிலவற்றில் பாதரசமோ குளோபெட்டசோல் போன்ற வலிமையான ஸ்டீரொயிட்டோ கலந்திருக்கும். ஸ்டீரொயிட் கலந்ததை நிறுத்தியதும் பருக்கள் முன்னிலும் கடுமையாகக் கிளம்பும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து:

குழிகளைப் பற்றியே இருவரும் எழுதியதால், தடித்து மேலெழும் தழும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். என் தாடையோரத்திலும் தோளிலும் பருக்கள் ஆறிய இடங்களில் தழும்புகள் கடினமாக மேலெழுந்து, அரிப்பும் எடுத்தன. கீலொயிட் எனப்படும் இவ்வகைத் தழும்பை வெட்டியெடுத்தால் மாத்திரம் போதாது. பெரும்பாலும் முன்னிலும் பெரிதாக மீண்டும் வளரும். தோலில் காயமுண்டாக்கும் ஊசிச் சிகிச்சைகள்கூட அதைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், கீலொயிட் வரும் உடல்வாகு உள்ளவர்கள் அதை முதற்சந்திப்பிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

எனக்குத் தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினொலோன் ஊசி போட்டு, இடையிடையே சிலிக்கோன் ஜெல் பூசச் சொன்னார்கள். ஊசி இறங்கும்போது வலி இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அரிப்பு முதலில் நின்றது, தடிப்பு பின்னர் மெல்லத் தணிந்தது.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் சரும நோய்க் கிளினிக் இருப்பதால், முதல் ஆலோசனைக்காகக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. தனியாரிடம் செல்வதாயின், சிகிச்சை செய்பவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் உள்ளதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு முன்னர் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து படமெடுத்து வைத்திருங்கள். நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவருக்குச் சிறு சிறு மாற்றம் தெரிவதில்லை. முழுமையாக மறைந்துவிடும் என்று எவராவது உறுதியளித்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எனக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர், தணியும் என்று மட்டுமே சொன்னார்.