முப்பந்தல் மேலே ஜிபிஎஸ் செத்துப்போகுமா?

ஆரல்வாய்மொழிக்காரன்:
போன வாரம் இங்கே ஒருவர் அளந்துவிட்டிருந்தார். நண்பரின் நாலு சீட் விமானத்தில் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் போனாராம். எங்கள் ஊர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் மேலே ஜிபிஎஸ் ஐந்து நிமிடம் போய்விட்டதாம். காரணம் காற்றாலைகளாம்! செயற்கைக்கோள் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். ஆன்டெனா இருப்பது விமானத்தின் முதுகில். காற்றாலையோ வயிற்றுக்குக் கீழே. எதை மறைக்கும்? எத்தனை அடியில் பறந்தீர்கள், அதை மட்டும் சொல்லும்.

நாகர்கோவில் பருந்து:
அளந்தவன் நான்தான். மேப்பில் விமானக் குறி அப்படியே நின்றது, கீழே பார்த்தால் காற்றாடிக் காடு. கண்ணால் கண்டதை எழுதினேன். அண்ணாச்சி சின்ன விமானத்தில் ஏறியதுண்டா?

ஆரல்வாய்மொழிக்காரன்:
இல்லை. ஆனால் இருபது வருடம் காற்றாலையில் ஏறி இறங்கியவன். உச்சியில் நின்று போனில் மேப் பார்த்திருக்கிறேன், புள்ளி ஓர் அடி பிசகாது. எத்தனை அடி?

தூத்தூர் கடலோடி:
எங்கள் போட்டில் மலிவு சார்ஜரைக் குத்தினால் ஜிபிஎஸ் கிறுக்குப் பிடித்து ஓடும். பிடுங்கினால் சரியாகிவிடும். உங்கள் பைலட் என்ன குத்தி வைத்திருந்தார்?

தும்பா பக்கத்துவீட்டான்:
பூமியின் காந்த நடுக்கோடு நம்மை ஒட்டித்தான் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் விட்டதே அதனால்தான். இந்தக் கோட்டை ஒட்டி அயனமண்டலம், அதாவது மேலே மின்னேறிய காற்றடுக்கு, குழம்பினால் ஜிபிஎஸ் சிக்னல் துடிக்கும்.

ஆரல்வாய்மொழிக்காரன்:
அது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. இவர் பறந்தது காலை பத்து மணிக்கு, அவரே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பேசும். வேண்டுமானால் பைலட் பேசும் ரேடியோவைப் பாருங்கள். அது தன் அலையெண்ணின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும். 121.175 மெகாஹெர்ட்ஸில் மைக்கை அமுக்கினால் அதன் 13 மடங்கு 1575.275. ஜிபிஎஸ் அலை 1575.42. பக்கத்தில் வந்து உட்காருகிறதா இல்லையா?

நாகர்கோவில் பருந்து:
ஐந்து நிமிடமா மைக்கை அமுக்கிக்கொண்டிருப்பார், கல்யாண வீட்டு மைக்செட்டா? காற்றாலை விமான வழிகாட்டிக் கருவியைக் கெடுக்கும் என்று நானும் படித்திருக்கிறேன்.

ஆரல்வாய்மொழிக்காரன்:
அது விஓஆர், ஐயா! விமானத்துக்கு ரேடியோ அலையால் திசை காட்டும், தரையில் இருக்கும் நிலையம். அதன் பக்கத்தில் காற்றாலை நட்டால் அலை சிதறும். ஜிபிஎஸ் வானத்திலிருந்து வருகிறது. வா-ன-த்-தி-லி-ரு-ந்-து.

களியக்காவிளை மைனா:
நம் மாவட்டத்துக்கு ஒரு விமான நிலையம் இருந்தால் இந்தச் சண்டையே வராது.

தோவாளைக்காரன்:
உமக்குத் திருவனந்தபுரம் கூப்பிடு தூரம், இன்னும் என்ன வேண்டும்? நாங்கள்தான் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளமா திருவனந்தபுரமா என்று அல்லாடுகிறோம்.

களியக்காவிளை மைனா:
பூ ஏற்றுமதிக்கு மட்டும் கொடி பிடிப்பீர்கள், எங்கள் ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

ஆரல்வாய்மொழிக்காரன்:
பூவையும் ரப்பரையும் வேறு எங்காவது கொண்டுபோங்கள். கேள்விக்குப் பதில் வரவில்லை. எத்தனை அடி?

நாகர்கோவில் பருந்து:
4,500 அடி. போதுமா?

ஆரல்வாய்மொழிக்காரன்:
கடல் மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா?