தற்கொலை அபாய மதிப்பீடு: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. வயது வந்தோருக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே தற்கொலை அபாயத்தை மதிப்பிட, எங்கள் குழுவுக்காக ஒரு கேள்வி வரிசை தயாரிக்கிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

மனச்சோர்வின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. மனநல மருத்துவர் ஆரன் பெக் குழுவினரின் நம்பிக்கையின்மை அளவுகோலைச் (1974) சேர்த்துவிட்டேன். 20 கூற்றுகள், சரி தவறு என்று பதில். நான் தடுமாறுவது, உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் தற்கொலை பற்றி முன்வைத்த கோட்பாட்டில் வரும் சுமையுணர்வில்தான், அதாவது 'நான் மற்றவர்களுக்குப் பாரம்' என்ற உணர்வில். "நான் இல்லாட்டி அவங்களாவது நிம்மதியா இருப்பாங்க" என்று ஒருவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொல்லும்போது, அழுபவரைவிட அவரை நினைத்தே எனக்கு அதிகம் பதறுகிறது. நாங்கள் பயன்படுத்தும் படிவத்திலோ அதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

இந்த உணர்வையும், 'தப்பிக்க வழியே இல்லை' என்ற நெருக்கடியையும் எப்படிக் கேட்கிறீர்கள்? பதிலை நாமே வாயில் திணிப்பது போல ஆகிவிடக் கூடாது. குடும்பத்தார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்? தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்று ஆய்வுகள் காட்டியும், எங்களில் சிலர் இன்னும் தயங்குகிறார்கள். இப்படித் தயங்குபவர்களை நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்?

மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் நாளையைக் கணிக்க முடியாது. அதனால் 'அபாயம் குறைவு' என்று முத்திரை குத்தும் படிவம் வேண்டாம். நோயாளி விவரம் எதுவும் இல்லாமல், நீங்கள் கேட்கும் வாக்கியத்தை அப்படியே பின்னூட்டத்தில் எழுதுங்கள்.