கருத்தடை செய்த மூன்றாம் நாளே அலமாரி மேல் ஏறிவிட்டாள்: என்ன செய்வது?

கேள்வி

எங்கள் பூனை சிட்டுவுக்கு ஏழு மாதம் ஆகிறது. நேற்று முன்தினம் கருத்தடை அறுவை சிகிச்சை செய்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் இரவு தள்ளாடித் தள்ளாடி நடந்து சுவரோரம் சுருண்டு கிடந்ததைப் பார்த்துப் பயந்துபோயிருந்தேன். இன்று காலையிலோ, நான் கண்ணயர்ந்த ஐந்து நிமிடத்தில் அலமாரியின் உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். தையலை நக்காமல் தடுக்கும் கூம்பு வடிவக் கோனைக் கழுத்தில் மாட்டினால் பின்பக்கமாகவே நடக்கிறாள், தட்டில் இடித்துக்கொண்டு சாப்பிட மறுக்கிறாள். பாவம் என்று கழற்றினால் அடுத்த நொடியே தையலை நக்கத் தொடங்குகிறாள். தையலின் கீழ்முனையில் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஒரு புடைப்பு தெரிகிறது. சிவப்போ கசிவோ இல்லை. சிறுநீர் போகிறாள், மலம் இன்னும் போகவில்லை. கோன் எத்தனை நாளைக்குத் தேவை? வலிக்காக வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலில் ஒரு சிறு துண்டு கொடுக்கலாமா?

பதில் 1

மற்ற கேள்விகளைப் பிறகு பார்ப்போம். பாராசிட்டமாலைத் துண்டாகவோ துளியாகவோ கூடக் கொடுக்காதீர்கள். அந்த மருந்தை நம் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுவதற்குப் பயன்படும் நொதி பூனைகளிடம் மிகமிகக் குறைவு. அதனால் நச்சுப்பொருள் உடலில் தங்கி, இரத்தச் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதங்களும் வீங்கும். ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கப் போதும். ஐபுபுரூஃபெனும் ஆபத்தானதுதான். தெரியாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; மாற்று மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

வலி இருக்கிறதா என்பதை அவள் உட்காரும் விதத்தில் பாருங்கள். முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தொட்டால் விலகிப் போகிறாள் என்றால் மருத்துவரிடம் சொல்லி, எடைக்கேற்ற மருந்தை அவரிடமே கேட்டு வாங்குங்கள். குறுகுறுவென்று ஒலி எழுப்புவதை நம்பி வலி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்; வலியிலும் பூனைகள் அந்த ஒலியை எழுப்புவதுண்டு.

பதில் 2

என் அனுபவத்தில், சோர்ந்து படுத்திருக்கும் முதல் நாளைவிட உற்சாகம் திரும்பும் மூன்றாம் நாள்தான் அதிகக் கவனம் கேட்கும் நாள். மேல்தோல் ஒட்டிக்கொண்டதுபோல் தெரிந்தாலும், அதற்கு அடியில் வயிற்றுச் சுவரைச் சேர்த்துத் தைத்த அடுக்கு இன்னும் நூலின் பலத்தில்தான் நிற்கிறது. உயரத்திலிருந்து குதிக்கும்போது இழுபடுவது அந்த அடுக்குதான். ஆகவே 10 முதல் 14 நாட்கள் வரை ஏறுவதற்கு எதுவும் இல்லாத ஒரு சிறு அறையிலோ, பெரிய கூண்டிலோ வைத்திருங்கள். தூக்க நேர்ந்தால் முன்னங்கால்களுக்குக் கீழே மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல், பின்பக்கத்தையும் மறுகையால் தாங்குங்கள். மணல் ட்ரேயில் நுண்மணலுக்குப் பதிலாகக் கிழித்த காகிதத்தைப் போட்டால் தையலில் துகள் ஒட்டாது.

கோனையும் அதே 10 முதல் 14 நாட்கள், இரவிலும் சேர்த்து, மாட்டியிருக்க வேண்டும். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. அதை அரம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். என் பூனைக்கு ஐந்தாம் நாள் இரவு இரக்கப்பட்டுக் கோனைக் கழற்றிவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தபோது இரண்டு தையல் பிரிந்து, போர்வையில் இரத்தக் கறை. மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணிக்கை. கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கோனின் விளிம்பு மூக்கு நுனியைச் சற்றுத் தாண்டியிருக்க வேண்டும். உணவுக் கிண்ணம் கோனின் வாயைவிடச் சிறியதாகவும் சற்று உயரத்திலும் இருந்தால் இடிக்காது. அப்படியும் சாப்பிடாவிட்டால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் கழற்றலாம். கோனை அறவே ஏற்காத பூனைகளுக்கு வயிற்றை மூடும் துணிச் சட்டை கிடைக்கிறது. சிறுநீரில் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பதுதான் அதில் உள்ள தொல்லை.

பதில் 3

புடைப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சிவப்பும் சூடும் கசிவும் இல்லாத சிறிய, கெட்டியான புடைப்பு பெரும்பாலும் உள்ளே இருக்கும் நூல் முடிச்சைச் சுற்றி ஏற்படும் வீக்கமே; நூல் கரையக் கரைய சில வாரங்களில் அது வடிந்துவிடும். ஆனால் மென்மையாக, அழுத்தினால் உள்ளே போய்வருவதாக, நாளுக்கு நாள் பெரிதாவதாக இருந்தால் உள்தையல் விட்டுப்போய்க் குடலிறக்கம் ஏற்பட்டிருக்கக்கூடும். தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் வித்தியாசம் தெரியும். நீங்களாக அழுத்திப் பார்க்க வேண்டாம். படத்தை மருத்துவருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

அறுவைக்கு முன் பட்டினி இருந்ததாலும் மயக்க மருந்தாலும் இரண்டு மூன்று நாள் மலம் போகாமல் இருப்பது இயல்பு. ஒரு நாள் முழுவதும் எதுவும் சாப்பிடாமல் இருந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ, தையலில் துர்நாற்றம் வந்தாலோ காத்திருக்காதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

நல்ல வேளை, பாராசிட்டமால் கொடுக்கவில்லை. இன்று மாலை மருத்துவரிடம் காட்டினேன். புடைப்பு நூல் முடிச்சுதான் என்றும், பெரிதானால் மட்டும் திரும்ப வரும்படியும் சொன்னார். எடை பார்த்து மூன்று நாளைக்கு வலி மருந்தும் கொடுத்திருக்கிறார். கவிழ்த்து வைத்த டப்பாவின் மேல் சிறு கிண்ணத்தை வைத்ததும், கோனோடே முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். அலமாரி இல்லாத அறைக்கு அவளை மாற்றிவிட்டோம்; இப்போது ஜன்னல் விளிம்பின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கிறாள். திரைச்சீலையைக் கழற்ற நாற்காலி எடுத்து வந்திருக்கிறேன்.