பாக்கெட் பிஸ்டல் அடிக்கடி சிக்குகிறது: கோளாறு துப்பாக்கியிலா, என் பிடியிலா?

குறிஞ்சிவாசன் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். தற்காப்புக்காக முறைப்படி லைசென்ஸ் வாங்கி, .380 தோட்டா போடும் ஒரு சின்ன பிஸ்டலைத் தினமும் பேன்ட் பாக்கெட்டில் எடுத்துப் போகிறேன். ரூகர் எல்சிபி அளவுதான் இருக்கும், காலியாக 300 கிராம்கூட வராது. முன்பு இடுப்பில் ஒரு நடுத்தர 9 மி.மீ. வைத்திருந்தேன். எடையும் பருமனும் தொந்தரவாக இருந்ததால் பாதி நாள் அதை வீட்டுப் பெட்டியிலேயே பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். அதனால்தான் இதற்கு மாறினேன்.

சுடுதளத்தில் இது இரண்டு விதமாகச் சிக்குகிறது. ஒன்று, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைப் போட்டு முதல் தோட்டாவை ஏற்றும்போது ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) முழுதாக மூடாமல் இரண்டு மூன்று மி.மீ. பின்னாலேயே நின்றுவிடுகிறது. கட்டைவிரலால் தள்ளினால் மூடிக்கொள்கிறது. இன்னொன்று, மூன்றாவது நான்காவது ரவுண்டு சுடும்போது காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் கூடு) வெளியே விழாமல் ஸ்லைடுக்கும் பேரலுக்கும் நடுவில் நட்டுக்குத்தலாக மாட்டிக்கொள்கிறது.

வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய பிஸ்டலா இது? அதுவரை பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வேலமரம்:

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: வேண்டாம். சிக்கும் என்று தெரிந்த துப்பாக்கியை நம்பி வெளியே போகாதீர்கள். சரியாகும் வரை அந்தப் பழைய 9 மி.மீ.யையே எடுத்துப் போங்கள், கனமாக இருந்தாலும் பரவாயில்லை.

மற்றதற்குப் பதில் சொல்ல சில விவரங்கள் வேண்டும். என்ன தோட்டா? மேகசின் எத்தனை, எது சிக்கியது என்று தெரியுமா? வேறு யாராவது சுட்டுப் பார்த்தார்களா? கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்? முதல் தோட்டாவை ஏற்றும்போது ஸ்லைடை இழுத்து விட்டுவிடுகிறீர்களா, இல்லை கையோடு பிடித்து மெதுவாக முன்னால் கொண்டுவருகிறீர்களா?

குறிஞ்சிவாசன்:

பயிற்சிக்கு 95 கிரெயின் (குண்டின் எடை) முழு உலோக உறைக் குண்டு, பாக்கெட்டில் இருக்கும்போது 90 கிரெயின் ஹாலோ பாயின்ட் (முனையில் குழியுள்ள, பட்டதும் விரியும் குண்டு). கேஸ் மாட்டுவது இரண்டிலும் நடக்கிறது. ஸ்லைடு மூடாமல் நிற்பது ஹாலோ பாயின்டில்தான் அதிகம். மேகசின் இரண்டு, அடையாளம் எதுவும் போடவில்லை. வேறு யாரும் சுட்டதில்லை. வாங்கிய புதிதில் சுத்தம் செய்தது, அப்புறம் சில மாதங்களாக இல்லை. வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது என்று ஸ்லைடை மெதுவாகத்தான் விடுவேன். இரவில் தோட்டாவை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டி, காலையில் அதே தோட்டாவை மேலே வைத்துத் திரும்ப ஏற்றுவது வழக்கம்.

வேலமரம்:

இப்போது பிடிபடுகிறது அண்ணா. உங்களிடம் இருப்பது ஒரே கோளாறு இல்லை, காரணம் வேறு வேறான இரண்டு. தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

காலி கேஸ் மாட்டுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். சுட்டதும் ஸ்லைடு பின்னால் ஓட வேண்டும், அது ஓட பிரேம் (பிடியும் டிரிகரும் உள்ள கீழ்ப்பாகம்) அசையாமல் நிற்க வேண்டும். கனமான பிஸ்டலில் பிரேமின் எடையே அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். .380 தோட்டா 1908இல் கோல்ட் நிறுவனத்தின் பாக்கெட் பிஸ்டலோடு வந்தது, வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். அந்தப் பிஸ்டல் 600 கிராமுக்கு மேல். 2008இல் வந்த எல்சிபி சுமார் 270 கிராம். தோட்டா அதேதான், ஆனால் அதைத் தாங்கும் எடை பாதிக்கும் கீழே போய்விட்டது. மீதியை உங்கள் மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடோடு பிரேமும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடு முழுத்தூரம் ஓடாது, கேஸ் பாதியில் மாட்டும்.

மூன்றாவது நான்காவது ரவுண்டில் நடக்கிறது என்று சொன்னது முக்கியமான துப்பு. இந்தப் பிஸ்டல்களில் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு விரல் பிடிதான். ஒவ்வொரு உதைக்கும் துப்பாக்கி கையில் கொஞ்சம் நகரும், மூன்று நான்கு ரவுண்டுக்குள் பிடி கழன்றுவிடும். அடுத்த முறை மணிக்கட்டை இறுக்கி, மறு கையின் விரல்களை முன்பக்கமாகச் சுற்றி நன்றாக அழுத்திப் பிடித்துச் சுடுங்கள். மேகசின் அடியில் சுண்டுவிரலுக்கு நீட்டிப்பு கிடைத்தால் போடுங்கள், பாக்கெட்டில் அரை அங்குலம் கூடினாலும் அது வேண்டும். கூடவே, அனுபவமுள்ள ஒருவரிடம் அதே தோட்டா, அதே மேகசின் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவர் கையில் சிக்காவிட்டால் துப்பாக்கி மேல் தப்பில்லை.

இனி, ஸ்லைடு மூடாமல் நிற்பது. ஸ்லைடை மெதுவாக விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்பிரிங்கின் முழு வேகம் இருந்தால்தான் தோட்டா மேகசினிலிருந்து கழன்று, பேரலுக்குப் போகும் சரிவில் ஏறி, சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) போய் உட்காரும். கையோடு விட்டால் அந்த வேகம் கிடைக்காது. வாய் அகலமான ஹாலோ பாயின்டுக்கு இது இன்னும் கஷ்டம். இழுத்து, கையை முழுதாக எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அழுக்கு. பாக்கெட் துப்பாக்கியை சுடாவிட்டாலும் அழுக்காகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. துணியின் நூல்தூசு, வியர்வை, எண்ணெய் மூன்றும் சேர்ந்து பசையாகி, கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அடியிலும் சேம்பர் ஓரத்திலும் மேகசினுக்குள்ளும் ஒட்டிக்கொள்ளும். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு பிரித்து சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் கொஞ்சமாகப் போதும், சொட்டச் சொட்டப் போட்டால் அதுவே தூசியைப் பிடித்துவைக்கும். என்னைக் கேட்டால் வாரம் ஒருமுறை தூசி தட்டிப் பார்க்க வேண்டும்.

பேரல் வெளியே இருக்கும்போதே ஒரு சோதனை. தோட்டாவை சேம்பருக்குள் போடுங்கள். டக்கென்று உள்ளே இறங்க வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் சேம்பர் அழுக்கு, இல்லை தோட்டாவில் கோளாறு.

ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் பாருங்கள். இவ்வளவு சின்ன இடத்தில் அழுத்தப்படும் ஸ்பிரிங் பெரிய பிஸ்டல் ஸ்பிரிங் அளவுக்கு உழைக்காது. எத்தனை ரவுண்டுக்கு மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தால் அதன்படி மாற்றுங்கள்.

மேகசின்களில் இன்றைக்கே 1, 2 என்று எழுதிவிடுங்கள். எது சிக்கியது என்று தெரியாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆற்றுமணல்:

இவ்வளவு தொல்லை எதற்கு நண்பரே? சுத்தியல் வெளியே தெரியாத ஒரு ஜே-பிரேம் (ஸ்மித் அண்ட் வெஸனின் சின்ன அளவு) ரிவால்வர் வாங்குங்கள். ஸ்லைடும் இல்லை, மேகசினும் இல்லை. ஸ்மித் அண்ட் வெஸன் 642 மாதிரி அலுமினிய பிரேம் என்றால் 400 கிராம் சொச்சம்தான், .38 ஸ்பெஷல் ஐந்து ரவுண்டு. பாக்கெட் தூசியால் அது சிக்குவது குறைவு.

வேலமரம்:

நல்ல துப்பாக்கிதான், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கட்டு தளர்கிறது என்பவருக்கு அது தீர்வாகாது. டிரிகர் இழுவை சுமார் 5 கிலோ அளவுக்குக் கனமானது, அதை இழுத்தபடி 5 செ.மீ.கூட இல்லாத பேரலால் குறி தவறாமல் சுட நிறையப் பயிற்சி வேண்டும். எடை குறைந்த ரிவால்வரில் உதை பலமாக இருந்தால், சுடாத தோட்டாக்களின் குண்டு கேஸிலிருந்து முன்னால் நழுவி சிலிண்டரே சுற்றாமல் நின்றுவிடுவதும் உண்டு. எதை வாங்கினாலும் உட்கார்ந்து பழகத்தான் வேண்டும்.

தாமரைக்கொடி:

எனக்குக் கை சின்னது, இதே ரகத்தில் ஒன்றைத்தான் நானும் வைத்திருக்கிறேன். ஸ்லைடை இழுப்பது கஷ்டம் என்றுதான் பலர் மெதுவாக விடும் பழக்கத்துக்குப் போகிறார்கள். ஒரு வழி சொல்கிறேன். துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, முனை பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்க, ஸ்லைடை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரேமை முன்னால் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதில் பலம் அதிகம்.

நீங்கள் ஹோல்ஸ்டர் பற்றி எதுவும் சொல்லவில்லையே அண்ணா? பாக்கெட்டில் வெறுமனே போட்டு வைத்திருந்தால், சிக்குவதைவிடப் பெரிய ஆபத்து அதுதான். டிரிகரை முழுதாக மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் கட்டாயம் வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, பேனா, சில்லறை எதுவானாலும் டிரிகர் வளையத்துக்குள் நுழைந்தால் போதும்.

குறிஞ்சிவாசன்:

துணி ஹோல்ஸ்டர் ஒன்று இருக்கிறது தங்கச்சி. ஆனால் வெளியே எடுக்கும்போது ஹோல்ஸ்டரும் சேர்ந்து வருகிறது. திரும்ப வைக்கும்போது பாக்கெட்டுக்குள் கையை விட்டு அப்படியே அதில் நுழைத்துவிடுவேன்.

தாமரைக்கொடி:

அப்படி நுழைக்கவே கூடாது. மிருதுவான துணி மடிந்து டிரிகருக்குள் போனால் தொடையில்தான் சுடும். ஹோல்ஸ்டரை பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, கண்ணால் பார்த்தபடி துப்பாக்கியை அதில் வைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து பாக்கெட்டில் இறக்குங்கள். வெளிப்புறம் சொரசொரப்பான, டிரிகர் பகுதியாவது விறைப்பாக இருக்கும் ஹோல்ஸ்டருக்கு மாறுங்கள், அது துணியைப் பற்றிக்கொண்டு உள்ளேயே நிற்கும்.

எடுக்கும்போது உள்ளேயே முஷ்டி பிடித்தால் கை பாக்கெட் வாயில் மாட்டும். கட்டைவிரலை ஸ்லைடின் பின்முனையில் வைத்து இழுத்தால் சுலபமாக வரும். காலித் துப்பாக்கியோடு, தோட்டா எதுவும் இல்லாத அறையில், உட்கார்ந்தபடியும் எடுத்துப் பாருங்கள். காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது முன் பாக்கெட்டிலிருந்து எடுப்பது அநேகமாக முடியாது. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

குறிஞ்சிவாசன் (பிறகு):

எல்லாருக்கும் நன்றி. சுத்தம் செய்தபோது எக்ஸ்ட்ராக்டர் அடியில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இருந்தது. பிடியை மாற்றி, ஸ்லைடை முழுதாக விட்டுச் சுட்டேன். கேஸ் மாட்டுவது நின்றுவிட்டது. சுடுதளப் பயிற்சியாளரும் சுட்டுப் பார்த்தார், அவர் கையிலும் சிக்கவில்லை. 2 என்று எழுதிய மேகசினில் மட்டும் ஒருமுறை தோட்டா மேலே ஏறவில்லை, அதை ஒதுக்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். வீட்டில் ஹாலோ பாயின்ட் தோட்டாக்களை வரிசையாக நிறுத்திவைத்துப் பார்த்தபோது, தினமும் மேலே வைக்கும் அந்த ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாகத் தெரிகிறது. இது சாதாரணமா?

வேலமரம்:

இல்லை. அதைச் சுடவே சுடாதீர்கள்.

ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு சரிவில் மோதுகிறது. மோதி மோதி குண்டு கேஸுக்குள் அமுங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும், இவ்வளவு சின்ன துப்பாக்கியில் அது விளையாட்டல்ல. நீளம் மாறிய தோட்டா சரிவில் ஏறும் கோணமும் மாறிவிடும், ஸ்லைடு மூடாமல் நின்றதில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். தனியாக எடுத்துவைத்து சுடுதளத்தில் கொடுங்கள், பழுதான தோட்டாவை அவர்கள் முறைப்படி அப்புறப்படுத்துவார்கள். குப்பையில் போடக் கூடாது.

தினமும் இறக்கி ஏற்றும் வழக்கம்தான் இதற்கு மூலம். விறைப்பான ஹோல்ஸ்டர் வந்ததும், ஏற்றிய துப்பாக்கியை ஹோல்ஸ்டரோடு அப்படியே பூட்டுப் பெட்டியில் வைத்து எடுக்கலாம். டிரிகர் மூடியே இருக்கும், குழந்தைகள் கை படாது, தோட்டாவும் நசுங்காது. ஏற்றிய நிலையில் வைக்க உங்கள் இடத்துச் சட்டம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் இறக்கித்தான் ஆக வேண்டும், அப்போது மேலே வைக்கும் தோட்டாவை மாற்றிக்கொண்டே இருங்கள், அவ்வப்போது பெட்டியிலிருக்கும் புதிய தோட்டாவோடு நீளத்தை ஒப்பிடுங்கள்.

ஆற்றுமணல்:

ஹாலோ பாயின்ட்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். 7 செ.மீ. பேரலில் .380க்கு வேகம் குறைவு. எஃப்.பி.ஐ., உடல் தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் சோதனை ஜெல்லில் 30 முதல் 45 செ.மீ. ஆழம் போக வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்திருக்கிறது. குட்டைப் பேரலில் சுடும் .380 ஹாலோ பாயின்டுகள் பல விரிந்தால் அந்த ஆழத்தைத் தொடுவதில்லை, சில விரிவதே இல்லை.

வேலமரம்:

உண்மைதான். முழு உறைக் குண்டு ஆழம் போகும், ஆனால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற பொறுப்பும் அதனோடு கூடும். எதுவானாலும் உங்கள் பிஸ்டலில் சிக்காமல் ஓடுவதுதான் முதல் தகுதி. எடுத்துப் போக நினைக்கும் அதே தோட்டாவில் குறைந்தது 50 ரவுண்டு, 1ஆம் மேகசினில் சுடுங்கள். ஒன்றுகூட சிக்காவிட்டால் பாக்கெட்டுக்குத் திரும்பலாம். சிக்கினால் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அப்போது தயாரித்தவர்களுக்கே அனுப்புங்கள்.

குறிஞ்சிவாசன்:

சரி. குட்டையான தோட்டாவைத் தனி டப்பாவில் பூட்டி வைத்துவிட்டேன். புதிய ஹோல்ஸ்டருக்கும் ஸ்பிரிங்குக்கும் சொல்லியிருக்கிறேன். 50 ரவுண்டு முடியும் வரை இடுப்பில் 9 மி.மீ.தான்.